பொன் தந்த மலை, மண் சுமந்த ஆறு

கலிபோர்னியாவில் 1848ஆம் ஆண்டு தங்கம் கண்டெடுக்கப்பட்ட செய்தியை உலக வரலாற்றுப் பாடத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள். ஓடையில் ஒருவன் கண்ட மஞ்சள் துணுக்கு, அதனைக் கேள்வியுற்று உலகின் நாலா பக்கங்களிலிருந்தும் ஓடிவந்த மக்கள், இரண்டொரு ஆண்டுகளில் முளைத்த நகரங்கள் என்று ஒரே பத்தியில் அந்த வரலாறு முடிந்துவிடும். ஆசிரியரும் அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுவார். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணி புரிந்த நானும் அந்தப் பாடத்தை அப்படித்தான் நடத்தினேன். பாடநூலில் இருந்தது அவ்வளவே.

ஆனால் அந்தப் பத்திக்குப் பின்னர் நடந்தது அதனினும் பெரிய வரலாறு. மலையில் எடுத்த பொன்னுக்குச் சமவெளியில் வாழ்ந்தவர்கள் விலை கொடுத்தார்கள். 'இந்த விலையை அவர்கள் ஏன் கொடுக்க வேண்டும்?' என்னும் வினாவுக்கு ஒரு நீதிமன்றம் தெளிவான விடை கூறுவதற்கு முப்பது ஆண்டுகள் சென்றன. அந்த வழக்கின் வரலாற்றையும், அது நிகழக் காரணமாயிருந்த மலைக்காட்டையும் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

முதலில் இடத்தை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். கலிபோர்னியா மாநிலத்தின் கிழக்கு எல்லையை ஒட்டி, வடக்கு தெற்காக, ஏறத்தாழ 400 மைல் நீளத்திற்குச் சியரா நெவாடா என்னும் மலைத்தொடர் நிற்கிறது. ஸ்பானிய மொழியில் அப்பெயருக்குப் பனி மூடிய மலைத்தொடர் என்பது பொருள். அதன் மேற்குச் சரிவில் ஃபெதர், யூபா, பேர், அமெரிக்கன் என்னும் ஆறுகள் பிறந்து, சமவெளியில் சாக்ரமென்டோ என்னும் பேராற்றோடு கலக்கின்றன. அந்தப் பேராறு சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் சென்று சேர்கிறது. மலை, ஆறு, வயல், கடல் ஆகிய நான்கும் ஒரே நீரோட்டத்தால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. இதனை மறவாதிருங்கள், இனி நான் கூறப்போவதெல்லாம் இந்தப் பிணைப்பிலிருந்து பிறந்ததே.

2018ஆம் ஆண்டு கோடையில், கலிபோர்னியாவில் வாழும் என் மகளின் குடும்பத்தாருடன் இந்த யூபா ஆற்றின் மலைப்பகுதியில் இரண்டு இரவுகள் கூடாரமடித்துத் தங்கினேன். இடத்தின் பெயர் மாலகாஃப். கடல் மட்டத்திற்கு மேல் மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில், பைன் மரங்களும் தேவதாரு இனத்து மரங்களும் கருவாலி மரங்களும் அடர்ந்த காடு. மாநில அரசு அதனை வரலாற்றுப் பூங்காவாகக் காத்து வருகிறது. அதனுள் சூட் ஹில் என்னும் குன்றின் மேல் கூடாரமடிப்பதற்கென்று சிறு சிறு மனைகள் ஒதுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மேசை, அடுப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம், உணவுப் பொருள்களை வைத்துப் பூட்ட ஓர் இரும்புப் பெட்டி. பெட்டி கரடிகளுக்கு அஞ்சி வைத்தது. மாலையில் காட்டின் மணமும், இரவில் நட்சத்திரங்களின் கூட்டமும், கோடையிலும் போர்வையை நாட வைக்கும் குளிரும் அங்கே நிறைந்த இன்பம் தந்தன.

மறுநாள் காலை, முகாமிலிருந்து ஒரு காட்டுப் பாதை வழியே நடந்தோம். மரங்கள் திடீரென்று விலகின. எதிரே ஒரு பெரும் பள்ளம். அதன் சுவர்கள் வெள்ளை, செம்மை, காவி, மஞ்சள் என்று பல நிறங்களில், மழை அரித்த கோபுரங்களைப் போலச் செங்குத்தாக நின்றன. பள்ளத்தின் அடியில் நாணலும் குறுமரங்களும் வளர்ந்திருந்தன. காண்பதற்கு மிக அழகிய காட்சி. பள்ளியில் படிக்கும் என் பேரன், "தாத்தா, இந்தப் பள்ளத்தாக்கை எந்த ஆறு வெட்டியது?" என்று கேட்டான். எந்த ஆறும் வெட்டவில்லை. ஏறத்தாழ 7,000 அடி நீளமும் 3,000 அடி அகலமும் சில இடங்களில் 600 அடி ஆழமும் உடைய அந்தப் பள்ளத்தை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குள் மனிதர் உண்டாக்கினர். அவர்கள் கையாண்ட கருவி தண்ணீர்.

இது எப்படி இயன்றது என்பதை விளக்க வேண்டும். நம்மவர் பலர் உழைத்த கோலார்த் தங்கவயலை நீங்கள் அறிவீர்கள். 2001இல் மூடப்பட்ட அச்சுரங்கங்களில் தங்கம் கடினமான பாறை இடுக்குகளில் படிந்திருந்தது. அதனைத் தேடிப் பூமிக்குள் பத்தாயிரம் அடிக்கும் கீழே இறங்கினார்கள். சியரா மலையிலும் அத்தகைய பாறைத் தங்கம் உண்டு. ஆனால் அதனோடு வேறொரு வகையும் இருந்தது. பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே ஓடிய தொல்பழம் ஆறுகள், பாறைகளை அரித்துப் பொற்றுகள்களைச் சரளைக் கற்களோடு தம் படுகையில் சேர்த்து வைத்தன. பின்னர் எரிமலைக் குழம்பும் சாம்பலும் அப்படுகைகளை மூடின, நிலமும் மேலெழுந்தது. பழைய ஆற்றின் படுகை இன்று மலைமுகட்டில் நூற்றுக்கணக்கான அடி கனமுள்ள சரளை மண்ணாக உட்கார்ந்திருக்கிறது. பொன் அங்கே இருந்தது. ஆனால் மிகச் சிறு துகள்களாகச் சிதறிக் கிடந்தது. ஒரு கன கெஜம் மண்ணில் சில சென்ட் பெறுமானமுள்ள பொன் கிடைத்தால் அதுவே பெரிது.

1848 ஜனவரி 24ஆம் நாள், அமெரிக்கன் ஆற்றின் கரையில் கொலோமா என்னுமிடத்தில், ஜான் சட்டர் என்பவருக்காக மரமறுக்கும் ஆலை கட்டிக்கொண்டிருந்த ஜேம்ஸ் மார்ஷல் நீரோடையில் பொற்றுணுக்கைக் கண்டார். 1855ஆம் ஆண்டிற்குள் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் கலிபோர்னியாவுக்கு வந்து சேர்ந்தனர். முதலில் வந்தவர்கள் தட்டில் மண்ணை அள்ளி நீரில் அலசியே பொன் சேர்த்தனர். பின்னர்த் தொட்டில் போல் ஆட்டும் பெட்டிகள் வந்தன. அவற்றின்பின் நீண்ட மரத்தூம்புகள் வந்தன. ஆற்றுப் படுகையில் எளிதாகக் கிடைத்த பொன் சில ஆண்டுகளில் அருகிவிட்டது. அப்போது மக்களின் கண் மலைமுகட்டுச் சரளையின்மேல் சென்றது.

மலையை மண்வெட்டியால் வெட்டிச் சல்லடையிட்டால் கூலிக்கும் கட்டுப்படியாகாது. 1853ஆம் ஆண்டில், யூபா நாட்டில் நெவாடா சிட்டி என்னும் ஊரை அடுத்த அமெரிக்கன் ஹில் என்ற குன்றில், எட்வர்ட் மேட்டிசன் என்பவர் ஓர் உபாயம் கண்டார். உயரத்திலிருந்து வரும் நீரைக் குழாய் வழியே இறக்கி, அதன் முனையில் குறுகிய உலோக வாய் ஒன்றைப் பொருத்தி, பீறிட்டு வரும் நீரை மலைச்சரிவின்மேல் பாய்ச்சினார். மண் கரைந்து சரிந்தது. பலர் பல நாள் வெட்ட வேண்டிய மண்ணைத் தண்ணீர் சில மணி நேரத்தில் பெயர்த்துத் தள்ளியது. இயந்திரம் வேண்டியதில்லை, நிலக்கரி வேண்டியதில்லை. நீர் உயரத்திலிருந்து இறங்கும்போது பெறும் அழுத்தமே போதும். பௌதிக வகுப்பில் நீங்கள் படிக்கும் நிலையாற்றலும் இயக்க ஆற்றலும் இங்கே மலையைக் கரைத்தன.

சிறு உபாயமாகப் பிறந்த இம்முறை, பெருமுதலாளிகளின் கையில் பெருந்தொழிலாயிற்று. நாங்கள் தங்கிய காட்டிற்குள்ளே நார்த் புளூம்ஃபீல்டு என்னும் பழைய ஊர் இருக்கிறது. அதன் முதற் பெயர் ஹம்பக். ஏமாற்று என்பது அதன் பொருள். பொன் கிடைத்ததென்று ஒருவன் கூறக் கேட்டு ஓடிவந்தவர்கள், ஒன்றும் கிட்டாமல் சினந்து ஓடைக்கு இட்ட பெயர் அது என்று வழங்குகிறார்கள். 1857இல் அஞ்சல் நிலையம் வந்தபோது ஊருக்கு மதிப்பான வேறு பெயர் வேண்டுமென்று நார்த் புளூம்ஃபீல்டு என மாற்றிக்கொண்டார்கள். 1866இல் சான் பிரான்சிஸ்கோ நகரத்துச் செல்வர்கள் கூடி, நார்த் புளூம்ஃபீல்டு சரளைச் சுரங்கக் கம்பெனியைத் தொடங்கினர். ஹாமில்டன் ஸ்மித் என்னும் பொறியியலாளர் அதன் வேலைகளை நடத்தினார்.

அவர்கள் செய்த வேலைகளைக் கேட்டால் நீங்கள் வியப்பீர்கள். மலையுச்சியில் அணை கட்டிப் பனி உருகும் நீரைத் தேக்கினார்கள். அங்கிருந்து பாறைகளை ஒட்டியும் பள்ளங்களைத் தாண்டியும் பல பத்து மைல் தொலைவுக்குக் கால்வாய் வெட்டினார்கள். கரைத்த சேறு வெளியேறுவதற்காகப் பள்ளத்தின் அடியிலிருந்து ஓடை வரையில் கடும்பாறையைக் குடைந்து ஏறத்தாழ 7,800 அடி நீளச் சுரங்கவழி அமைத்தார்கள். அது 1874இல் நிறைவெய்தியது. கால்வாயின் மடைகளைக் காப்பவர்கள் உடனுக்குடன் பேசிக்கொள்வதற்காக, தொலைபேசி கண்டுபிடிக்கப்பட்ட சில ஆண்டுகளுக்குள்ளேயே, அம்மலைமுகட்டில் ஏறத்தாழ 60 மைல் நீளத் தொலைபேசிக் கம்பி போடப்பட்டது. உலகின் முதல் நெடுந்தொலைவுத் தொலைபேசிகளுள் ஒன்றென அதனைச் சொல்வர். அறிவாற்றலிலும் உழைப்பிலும் அம்மனிதர்கள் யாருக்கும் இளைத்தவர்களல்லர்.

நீர்ப்பீரங்கி ஒன்றை அவ்வூர்த் தெருவில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். போர்க்களத்துப் பீரங்கியின் வடிவமே. குண்டுக்குப் பதில் நீர். அதன் வாயைத் திருப்ப ஓர் ஆள் போதும். அதிலிருந்து பாய்ந்த நீர் சரளைச் சுவரின் அடியை அரிக்க, மேலே நின்ற மரங்களோடு சுவர் இடிந்து விழும். அந்தச் சேற்று வெள்ளம் மரத்தூம்புகளின் வழியே ஓடும். தூம்பின் அடியில் குறுக்குக் கட்டைகளுக்கிடையே பாதரசம் ஊற்றி வைத்திருப்பார்கள். பொன் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். கல்லும் மண்ணும் ஓடிவிடும். சில வாரங்களுக்கொரு முறை அந்த இரசக்கலவையை வழித்தெடுத்து வாலையிலிட்டுச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகப் பிரியும், பொன் எஞ்சும்.

பொன் எஞ்சியது, மண் எங்கே போயிற்று? இந்தக் கேள்வியைத்தான் பாடநூல் கேட்பதில்லை.

மண் யூபா ஆற்றுக்குள் போயிற்று. ஒரு கம்பெனியல்ல, பல கம்பெனிகள். ஓர் ஆறல்ல, நான்கைந்து ஆறுகள். மலைச்சரிவில் ஆறு விரைந்து ஓடுவதால் சரளையையும் மணலையும் உருட்டிச் சென்றுவிடும். சமவெளியை அடைந்ததும் வேகம் குறையும். சுமையை இறக்கி வைக்கும். யூபா ஆறு ஃபெதர் ஆற்றோடு கூடுமிடத்தில் மேரிஸ்வில் என்னும் நகரம் இருக்கிறது. முதலில் நீராவிப் படகுகள் வந்து நின்ற துறை அது. ஆற்றின் அடித்தளம் ஆண்டுதோறும் உயர்ந்தது. கடைசியில் நகரத்தின் தெருக்களைவிட ஆற்றின் படுகை உயரமாயிற்று. நகரத்தார் தம்மைச் சுற்றிக் கரை எழுப்பினர். ஆறு உயர உயரக் கரையையும் உயர்த்தினர். 1875 ஜனவரியில் வந்த வெள்ளம் கரையை உடைத்து நகருக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்தபின் வீடுகளிலும் கடைகளிலும் சேறு நின்றது.

வயல்களின் நிலை இன்னும் மோசமாயிற்று. வெள்ளம் விட்டுச்செல்லும் வண்டல் நிலத்திற்கு உரம் என்று நம் உழவர்கள் அறிவார்கள். ஆனால் சுரங்கத்திலிருந்து வந்த சேறு அத்தகைய வண்டலன்று. நுண்ணிய களியும் மணலும் சரளையுமாகிய அது எதையும் விளைவிக்காது. கோதுமை வயல்களும் பழத்தோட்டங்களும் அதனடியில் புதைந்தன. கிளைகள் மட்டும் வெளியே தெரிய மரங்கள் பட்டுப்போயின. ஆற்றங்கரையின் நல்ல நிலங்களையெல்லாம் உழவர்கள் கைவிட்டுப் போக நேர்ந்தது.

பின்னாளில், குரோவ் கார்ல் கில்பர்ட் என்னும் புகழ்பெற்ற நிலவியல் அறிஞர் இதனை ஆராய்ந்து 1917இல் ஒரு நூல் வெளியிட்டார். சியரா மலையிலிருந்து இவ்வாறு ஆறுகளில் இறங்கிய மண் 150 கோடி கன கெஜத்திற்கும் மேற்பட்டது என்று அவர் கணக்கிட்டார். பனாமா கால்வாய்க்காக வெட்டியெடுத்த மண்ணைப் போல் அது ஏறத்தாழ எட்டு மடங்கு. அந்த மண் ஓர் அலையைப் போல மெல்ல மெல்ல ஆற்றின் வழியே நகர்ந்து விரிகுடா வரை சென்றதை அவர் விளக்கினார்.

உழவர்கள் வாளாவிருக்கவில்லை, நீதிமன்றத்தை நாடினர். 1876இல் பேர் ஆற்றங்கரையைச் சேர்ந்த ஜேம்ஸ் கீஸ் என்னும் உழவர், மேலேயிருந்த பல கம்பெனிகளின்மேல் வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 1879இல் மாநில உச்ச நீதிமன்றம் அதனைத் தள்ளிவிட்டது. காரணத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியே வேலை செய்கிறது. தனித்தனியே மண்ணை விடுகிறது. ஆகவே எல்லாரையும் ஒரே வழக்கில் சேர்க்கலாகாது என்றது நீதிமன்றம். உழவன் என்ன செய்வான்? அவன் வயலை மூடிய சேற்றில் இந்தக் கைப்பிடி இன்ன கம்பெனியுடையது என்று பெயர் எழுதியிருக்குமா? தீமையைப் பலர் பங்கிட்டுச் செய்தால் ஒருவரும் பொறுப்பில்லை என்னும் நிலை ஏற்பட்டது.

எனினும் அவர்கள் சோர்ந்துவிடவில்லை. 1878இல் உழவர்களும் நகரத்தாரும் சேர்ந்து சேற்றெதிர்ப்புச் சங்கம் ஒன்று அமைத்திருந்தனர். 1882இல் மேரிஸ்வில் நகரிலும் அதனைச் சார்ந்த நாட்டுப்புறத்திலும் சொத்துடைய எட்வர்ட்ஸ் வுட்ரஃப் என்பவர் பெயரால், கூட்டரசின் நீதிமன்றத்தில் புதிய வழக்குத் தொடுக்கப்பட்டது. எதிர்வாதிகளில் முதலாவது, நார்த் புளூம்ஃபீல்டு கம்பெனி. பழைய தடையையே கம்பெனிகள் மீண்டும் எழுப்பின. இம்முறை நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. பலர் விட்ட மண் ஒன்றாய்க் கலந்து ஒரே கேட்டை விளைவித்திருக்கும்போது, அவர்களை ஒன்றாக நிறுத்திக் கேட்கலாம் என்று 1883இல் முடிவு செய்தது.

வழக்கை விசாரித்த நீதிபதியின் பெயர் லோரன்சோ சாயர். அவர் வரலாற்றிலும் ஒரு செய்தி உண்டு. 1850இல் தங்கம் தேடிக் கலிபோர்னியாவுக்கு வந்தவர்களுள் அவரும் ஒருவர். இதே மலைப்பகுதியில் தம் கைகளால் மண் அலசியவர். சுரங்கத் தொழிலாளியின் நம்பிக்கையை அவர் நேரில் அறிவார்.

கம்பெனிகளின் வாதங்கள் வலுவற்றவையல்ல. ஆற்றில் மண்ணை விடுவது இந்நாட்டின் தொடக்கம் முதல் உள்ள வழக்கம் என்றார்கள். கூட்டரசின் சுரங்கச் சட்டங்கள் எங்கள் தொழிலை ஊக்குவிக்கின்றன என்றார்கள். கோடிக்கணக்கான டாலர் முதலீடு செய்திருக்கிறோம். ஆயிரக்கணக்கானோர் எங்களால் பிழைக்கிறார்கள். தொழிலை நிறுத்தினால் மலைநாட்டு ஊர்கள் அழியும் என்றார்கள். கடைசியாகச் சொன்னது உண்மையும்கூட. நார்த் புளூம்ஃபீல்டில் அப்போது ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கூலிக்கு உழைத்தவர்கள். யாருக்கும் கேடு செய்ய நினைத்தவர்களல்லர். இந்த வழக்கில் இரு பக்கத்திலும் வயிறு இருந்தது என்பதை மறந்து வரலாறு படிக்கலாகாது.

1884 ஜனவரி 7ஆம் நாள் சாயர் தீர்ப்பளித்தார். ஆற்றில் கழிவு மண்ணை விடுவது பொதுமக்களுக்கும் தனியாருக்கும் விளைவிக்கும் கேடு. நெடுநாள் வழக்கமாயினும் பிறர் நிலத்தை அழிக்கும் உரிமையை அது யாருக்கும் தருவதில்லை. சுரங்கச் சட்டங்களிலும் அத்தகைய அனுமதி இல்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். யூபா ஆற்றிலும் அதன் கிளைகளிலும் மண்ணை விடக்கூடாதென்று நிரந்தரத் தடையுத்தரவு பிறந்தது. நீர்ப்பீரங்கியைத் தடை செய்ததாக அவ்வுத்தரவில் இல்லை. மண்ணை ஆற்றில் விடாமல் தொழில் நடத்த முடிந்தால் நடத்தலாம். ஆனால் அவ்வாறு நடத்தினால் இலாபமில்லை. பிறர் கொடுத்த விலையைக் கழித்துப் பார்த்தால் அத்தொழிலின் இலாபம் எவ்வளவு என்பது அன்று வெளிப்பட்டது.

மேரிஸ்வில் நகரம் அந்தச் செய்தியைத் திருவிழாவாகக் கொண்டாடியது. மலைமேல் ஊர்கள் மெல்ல மெல்ல வெறிச்சோடின. சிலர் திருட்டுத்தனமாக நீர்ப்பீரங்கியை இயக்க, அவர்களைக் கண்டுபிடிக்கச் சேற்றெதிர்ப்புச் சங்கம் காவலர்களை அனுப்பிற்று. 1893இல் இயற்றப்பட்ட கமினெட்டி சட்டம், மண்ணைத் தடுத்து நிறுத்தும் அணைகளோடு தொழில் நடத்த அனுமதி தந்தது. ஆயினும் பழைய நிலை திரும்பவில்லை. தொழில் வளர்ச்சிக்காக இயற்கையைச் சிதைப்பதற்கு எல்லை வகுத்த முதல் பெரும் தீர்ப்புகளுள் ஒன்றாக அமெரிக்கச் சட்ட வரலாற்றில் சாயரின் தீர்ப்பு நிலைபெற்றது.

இத்தோடு முடித்தால் நீதி வென்ற கதையாகும். ஆனால் அதே மலைநாட்டில், அதே சட்டத்தின் முன்னே, குரல் எடுபடாமற் போனவர்களும் இருந்தார்கள். அவர்களைக் கூறாமல் விடுவது வரலாற்றாசிரியனுக்கு அழகன்று.

1853இல் இந்த நெவாடா மாவட்டத்தில் லிங் சிங் என்னும் சீனத் தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். ஜார்ஜ் ஹால் என்னும் வெள்ளையர், சீனச் சாட்சிகளின் வாக்குமூலத்தைக் கொண்டு குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டுத் தூக்குத்தண்டனை பெற்றார். 1854இல் மாநில உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை இரத்துச் செய்தது. வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பரும் செவ்விந்தியரும் சாட்சி சொல்லலாகாது என்றிருந்த சட்டம் சீனருக்கும் பொருந்தும் என்பது அதன் காரணம். கண்ணால் கண்டவரும் வாய் திறக்க முடியாத நிலை பல ஆண்டுகள் நீடித்தது. அந்நியச் சுரங்கத் தொழிலாளர் வரி என்று மாதந்தோறும் பெற்ற பணத்தைப் பெரும்பாலும் சீனரே கொடுத்து வந்தனர். மலைகளில் கால்வாய்கள் வெட்டிய கைகளிலும் அவர்கள் கைகள் இருந்தன.

சீனருக்கும் முன்னே அம்மலையில் வாழ்ந்தவர்கள் நிசெனான் என்னும் பழங்குடியினர். கருவாலிக் கொட்டைகளை இடித்து உணவாக்கியும், ஆற்றில் மீன் பிடித்தும் நெடுங்காலமாக அங்கே வாழ்ந்தவர்கள். தங்கம் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. ஆறு கலங்கியபோது மீன் போயிற்று. காடு வெட்டப்பட்டபோது கருவாலி போயிற்று. நோயும் பட்டினியும் துப்பாக்கியும் அவர்களைச் சூறையாடின. கலிபோர்னியா முழுவதிலும் 1848இல் ஏறத்தாழ 1,50,000 ஆக இருந்த பழங்குடி மக்கள், 1870ஐ ஒட்டி ஏறத்தாழ 30,000 ஆகக் குறைந்தனர் என்று அறிஞர் மதிப்பிடுகின்றனர். 1913இல் நெவாடா சிட்டியை அடுத்து நிசெனான் மக்களுக்கென ஒரு சிறு நிலத்தை அரசு ஒதுக்கியது; 1964இல் அந்த ஏற்பையும் நீக்கிவிட்டது.

வுட்ரஃப் வழக்கில் வாதிக்கு நிலப்பட்டயம் இருந்தது. நட்டத்தை டாலரில் எண்ணிக் காட்ட முடிந்தது. சங்கம் துணை நின்றது. நிசெனான் மக்களின் ஆற்றுக்குப் பட்டயம் இல்லை. லிங் சிங்கின் உயிருக்குச் சாட்சி சொல்ல நாவிருந்தும் உரிமை இல்லை. ஆகவே 1884ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் படிப்போர் 1854ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஒரு நாட்டில் நீதி பிறந்த நாளைக் கொண்டாடுவதோடு, அந்நீதி யார் வாசல்வரை வந்தது என்று அளந்து பார்ப்பதும் வரலாறு கற்பவரின் கடமை.

சேறு நின்றபின்னும் கணக்குத் தீரவில்லை. பொன் பிரிக்க ஊற்றிய பாதரசம் எல்லாம் திரும்பக் கிடைத்ததில்லை. ஒரு பகுதி மண்ணோடு கலந்து ஓடிற்று. ஆற்றுமண் அலசித் தங்கமெடுத்த தொழிலில் கலிபோர்னியாவில் இவ்வாறு இழந்த பாதரசம் ஒரு கோடி பவுண்டு அளவில் இருக்கலாம் என்று அந்நாட்டு நிலவியல் அளவைத் துறையார் மதிப்பிட்டிருக்கிறார்கள். அது ஆற்றடியில் மாற்றமுற்று மீன்களின் உடலில் சேர்கிறது. தொழில் நின்று ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றும், இன்ன மீனை இவ்வளவுக்குமேல் உண்ணாதீர்கள் என்று அங்கே மக்களை எச்சரிக்க வேண்டியிருக்கிறது. மாலகாஃப் பள்ளத்தின் சுவர்களும் மழைக்காலத்தில் இன்னும் கரைகின்றன. ஹம்பக் ஓடை செம்மண் நிறத்தில் யூபாவை நோக்கிப் போகிறது.

நாங்கள் தங்கிய காடு இரண்டாம் முறை வளர்ந்த காடு. கைவிடப்பட்ட நிலத்தில் பைன் விதைகள் தாமே விழுந்து முளைத்து எழுந்தவை அம்மரங்கள். அவற்றின் நிழலில் கூடாரமடித்து உறங்குவது இனிது. மனிதன் விட்ட இடத்தை இயற்கை பெற்றுக்கொள்ளும் பெருந்தன்மையை அங்கே காணலாம். ஆனால் மலைமேல் மட்டும் நின்று பார்ப்பவருக்கு அந்தப் பள்ளம் ஓர் அழகிய காட்சியாகவே தோன்றும். நாங்கள் ஊர் திரும்பும் வழியில் மேரிஸ்வில் நகரையும் பார்த்துவிட்டுச் சென்றோம். நகரத்தைச் சூழ்ந்து இன்றும் நிற்கும் உயர்ந்த கரைகளைப் பார்த்தபின்புதான் மலைமேல் கண்டதன் பொருள் முழுமை பெற்றது.

மாணவ நண்பர்களே, நீங்கள் நாளை பொறியியலாளராகலாம், வழக்கறிஞராகலாம், தொழில் நடத்தலாம், ஆட்சிப் பொறுப்பும் ஏற்கலாம். ஒரு சுரங்கத்தைப் பற்றியோ, ஆலையைப் பற்றியோ, அணையைப் பற்றியோ படிக்கும்போது, அதில் எவ்வளவு கிடைத்தது என்பதோடு நின்றுவிடாதீர்கள். நிலப்படத்தை விரித்து வையுங்கள். அங்கிருந்து புறப்படும் நீர் எந்த ஊர்களின் வழியே போகிறது என்று விரலால் தொடர்ந்து செல்லுங்கள். அந்த ஊர்களில் இருப்போர் யார், அவர்கள் முறையிட்டால் கேட்பவர் உண்டா என்று விசாரியுங்கள். ஹாமில்டன் ஸ்மித்துக்குக் கால்வாயின் சரிவைக் கணக்கிடத் தெரிந்தது. அதே கணக்கை இன்னும் அறுபது மைல் கீழே கொண்டுபோயிருந்தால் உழவனின் வயலும் அதில் வந்திருக்கும். உங்கள் கணக்கு அவ்வளவு தூரம் போகட்டும்.